‘வேண்டாம்’னு ஒரு பட்டன்

...அதைத்தான் சார் நானும் கேக்குறேன். ‘இப்பவே’ன்னு ஒரு பட்டன் வெச்சிருக்கான். ‘அப்புறம்’னு ஒரு பட்டன் வெச்சிருக்கான். ‘வேண்டாம்’னு ஒரு பட்டன் எங்க? காட்டுங்க பாப்போம். தேடாதீங்க, நான் பதினாலு மாசமா தேடியாச்சு. வாசல்ல சோப்பு விக்க வர்றவன்கிட்ட கூட ‘வேண்டாம்பா’ன்னு சொல்லி கதவைச் சாத்திடலாம். இவன்கிட்ட எப்படிச் சாத்துறது? இவன் ஏற்கெனவே கூடத்துல வந்து உக்காந்திருக்கான்!

நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. இதுவும் ஆடும், ஆனா கம்மியா ஆடும். ஹெல்மெட்டை மடியிலயே வெச்சுக்குங்க, இங்க எதை எது மேல வெச்சாலும் அப்புறம் கிடைக்காது.

பெட்டியை இப்படித் தள்ளுங்க. வண்டியில கட்டியா கொண்டு வந்தீங்க? கயிறு நல்லா கட்டியிருக்கீங்க. மூடியைக் கழட்டிக்கிறேன்... ம்ம்... தூசி... பரவால்ல, இதைவிட மோசமா பாத்திருக்கேன், ஒருத்தர் பெட்டிக்குள்ள எலி குடித்தனம் நடத்துச்சு. ஒயரைச் சொருகிட்டேன். வரட்டும். இது பழைய வெர்ஷன்தானே? ஒரு தடவை கூட மாத்தலையே?

மாத்தத்தான் கொண்டு வந்தீங்களா?

அட ராமா. இருங்க, அவசரப்படாதீங்க. நல்லா ஓடியாடிட்டு இருக்குற ஆளைப் புடிச்சு ஆபரேஷன் தியேட்டர்ல படுக்க வைப்பாங்களா? மாத்துனா என்ன ஆகும் தெரியுமா? ஃபோட்டோ எல்லாம் போயிடும். ஆமா. கல்யாண ஃபோட்டோ, குழந்தை ஃபோட்டோ, எல்லாம். துடைச்ச மாதிரி.

நான் சும்மா சொல்ற ஆளு இல்ல சார். நானும் எங்க வீட்டுக்காரரும் பத்தொம்பது வருஷமா இந்தக் கடையில கம்ப்யூட்டர் பூட்டுறோம். வெளிய போர்டுல வேற பேரு போட்டிருக்கு, ஆனா ‘ரேடியோக்கா கடை எது’ன்னு கேட்டாத்தான் வழி சொல்வாங்க. ஏன் அந்தப் பேருன்னு கேக்காதீங்க. கேக்க மாட்டீங்க... சரி. அவரு கை, நான் வாய். அவரு உள்ரூம்ல உக்காந்து பூட்டுவாரு, நான் முன்னாடி உக்காந்து பேசுவேன். இந்த நாலு தெருவுல ஓடுற பெட்டியில பாதி எங்க கையால பூட்டினது. பல்லு டாக்டருக்கு எக்ஸ்ரே எடுக்குற பெட்டி, பிரஸ்காரருக்கு பிளேட் போடுற பெட்டி, லேத்துப் பட்டறையில இரும்பு வெட்டுற மெஷினை ஓட்டுற பெட்டி... எல்லாமே பழைய வெர்ஷன். எல்லாமே நல்லா ஓடிச்சு.

அப்பதான் அவன் சொல்றான், கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேரை விக்கிற கம்பெனிக்காரன், பழசுக்கு இனிமே நாங்க பொறுப்பு இல்ல, எல்லாரும் புதுசுக்கு மாறுங்கன்னு. சரி மாறிடுறோம்னு வெச்சுக்குங்க. புதுசு ஓடணும்னா போர்டுல ஒரு சின்ன சிப்பு இருக்கணுமாம். சுண்டு விரல் நகத்துல பாதி இருக்கும். அது இல்லன்னா உங்க பெட்டிக்கு ‘தகுதி இல்லை’. திரையிலயே எழுதிக் காட்டுறான் சார்! மூணு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்காரரு பூட்டின பெட்டி, சூடு ஏறாது, சத்தம் வராது, அதுக்குத் தகுதி இல்லையாம். நேத்து பேஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான் சர்டிபிகேட் குடுக்குது.

பல்லு டாக்டரு ஓடி வந்தாரு. புது வெர்ஷன்ல அவரு எக்ஸ்ரே மெஷின் பேசாதாம். மெஷினை மாத்துங்கன்னு சொல்றாங்களாம். லேத்துக்காரரும் அதேதான். போர்டு செஞ்சு விக்கிறவரு ஒருத்தர் இருக்காரு, நாங்க போர்டுக்காரர்னு சொல்வோம், பெரிய ஆளு, அவரே குடோன்ல மூவாயிரம் போர்டை அடுக்கி வெச்சுட்டு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. ஒண்ணுலயும் அந்தச் சிப்பு இல்ல. செய்யறவனும் வேண்டாங்குறான், வாங்கறவனும் வேண்டாங்குறான், அப்ப யாருக்காக சார் இது?

அதான் எங்க கம்ப்யூட்டர் கடைக்காரங்க சங்கம் கூடுச்சு. பதினோரு கடை. ஜெராக்ஸ் கடை மாடியில. நான்தான் எழுந்து பேசினேன். ‘எங்க பெட்டி, எங்க இஷ்டம்’. அந்த வாசகம் என்னோடதுதான். நோட்டீஸ் அடிச்சோம். அந்தா, ஒட்டியிருக்கு பாருங்க, உங்க தலைக்குப் பின்னாடி. எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே மந்திரம் சொல்லிக் குடுத்தேன்: புதுசுக்கு மாறச் சொல்லி திரையில கட்டம் வந்துச்சா? ‘அப்புறம்’னு அழுத்துங்க. மறுபடி வந்துச்சா? ‘அப்புறம்’. பதினாலு மாசம் சார். அவன் விடாக்கண்டன்னா நாங்க கொடாக்கண்டன். பிரஸ்காரரு தூக்கத்துல கூட ‘அப்புறம், அப்புறம்’ங்குறாராம், அவங்க வீட்டம்மா வந்து என்கிட்ட சண்டை.

வந்துடுச்சு பாருங்க உங்க பெட்டி. நல்லா வருது. எவ்ளோ சுறுசுறுப்பு! இதைப் போய்...

டொக்குன்னு கேட்டுச்சா? ஒண்ணும் இல்ல. உள்ள அவருதான். ஸ்க்ரூ டிரைவரால மேஜையைத் தட்டுறாரு. கூப்பிடுறாருன்னு அர்த்தம். ஒரு தட்டுன்னா வா. ரெண்டு தட்டுன்னா டீ. மூணு தட்டுன்னா... மூணு இப்பல்லாம் தட்டுறதில்ல. ஏங்க, வர்றேங்க! கஸ்டமர் இருக்காங்க!

பேச மாட்டாரு சார். நாலு வருஷம் முன்னாடி தொண்டையில ஒரு கட்டி. குரல்வளையையே எடுக்கணும்னுட்டாங்க. இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு, நாலு பேரு சாப்பாடு சாப்பிடுறாரு. ஆனா குரல் போயிடுச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு வாரம் டயம் குடுத்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரு சாஃப்ட்வேர் குடுத்தாங்க. திரை முழுக்க கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வார்த்தையைச் சொந்தக் குரல்ல பேசி வெச்சுக்கலாம். அப்புறம் அழுத்தினா அது பேசும். அவரு குரல்லயே.

நான் எண்ணூறு வார்த்தைக்கு லிஸ்ட் போட்டுக் குடுத்தேன். மனுஷன் பேனாவை எடுத்து முக்காவாசியை அடிச்சுட்டாரு. இருக்கும்போதே அளந்துதான் பேசுவாரு, போறப்ப மட்டும் வாரியா வழங்குவாரு? ‘டீ’. ‘சாப்டியா’. ‘ஸ்க்ரூ எங்க’. ‘நாளைக்கு வாங்க’. ‘நாளைக்குக் கண்டிப்பா வாங்க’. எங்களுக்கு ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்து தூரமா இருக்கா, அவளுக்காக ‘நல்லா இருக்கேன்மா’. என் பேரை மட்டும் அஞ்சு விதமா பேசி வெச்சாரு. சும்மா கூப்பிட ஒண்ணு, கோவத்துக்கு ஒண்ணு, கூட்டத்துல தேடுறதுக்கு ஒண்ணு... மத்த ரெண்டு எதுக்குன்னு உங்களுக்கு எதுக்கு.

அப்புறம் ஒரு கட்டம், நான் லிஸ்ட்லயே எழுதாதது. அவரா பேசி வெச்சது. ‘பொய் சொல்லாத’.

சிரிக்காதீங்க. கடை நடத்துறவங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு பொய் சொல்லித்தான் ஆகணும். பார்ட்ஸ் லாரியில வந்துட்டு இருக்கு, அந்த மாதிரி. நான் இங்க சொல்லி வாயை மூடல, உள்ள இருந்து வரும்: ‘பொய் சொல்லாத’. கஸ்டமரு முன்னாடியே! நாலு வருஷமா, சார். உள்ள ஒரு மனசாட்சியை ஸ்பீக்கர் போட்டு உக்கார வெச்ச மாதிரி.

இப்ப அந்த சாஃப்ட்வேர் ஓடல. அவரு பெட்டி புது வெர்ஷனுக்கு மாறிடுச்சு. புது வெர்ஷன்ல அதைத் திறந்தா ஒரு சின்ன சுழி சுத்துது, சுத்துது, நின்னுடுது. செஞ்ச கம்பெனியைத் தேடினா அதை மூடி ரெண்டு வருஷம் ஆச்சாம். பேசி வெச்ச குரல் எல்லாம் பத்திரமா உள்ளதான் இருக்கு. அதைத் திறக்குற சாவிதான் பழைய வெர்ஷன்ல மாட்டிக்கிச்சு. அவரு பெட்டி நல்ல போர்டு, அந்தச் சிப்பு இருந்துச்சு. தகுதி இருந்துச்சு சார். அதான் வினை.

பத்தொம்பது நாள் ஆச்சு. பொண்ணு போன் பண்ணா ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டுத் தலையாட்டுறாரு. தலையாட்டினா போன்ல தெரியுமா? அவ அந்தப் பக்கம் ‘அப்பா, அப்பா’ங்குறா, இவரு இந்தப் பக்கம் ஆட்டிட்டே இருக்காரு. நான் வாங்கி ‘நல்லா இருக்காரும்மா’ங்குறேன். ‘நீ சொல்லாத, அவரு சொல்லட்டும்’ங்குறா.

சங்கத்துல விஷயம் தெரிஞ்சதும் கொதிச்சுட்டாங்க. தலைவரு மேஜையைக் குத்தினாரு. ‘ஒரு மனுஷனோட குரலையே திருடிட்டான்’னு புதுசுக்கு மாறச் சொன்ன கம்பெனிக்குப் புகார். பேப்பர்ல இருந்து வந்தாங்க. அவரை நடுவுல நிக்க வெச்சு, நான் பக்கத்துல நின்னு, பின்னாடி நோட்டீஸ். ஃபோட்டோ வந்துச்சு. அவரு கண்ணை மூடியிருந்தாரு. நான் நல்லா விழுந்திருந்தேன்.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். மாறின பத்து நாளுக்குள்ள திரும்பப் பழசுக்கே போயிடலாம் சார். அவனே அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கான், ஒரு பட்டன்தான். அவரு மூணாம் நாளே பேப்பர்ல எழுதிக் காட்டினாரு, ‘திருப்பிடலாமா’ன்னு. நான்தான் வேண்டாம்னேன். இது ஆதாரம், தொடக்கூடாது, தலைவரு சொல்லியிருக்காருன்னேன். தலைவரும் சொன்னாருதான்... நான் கேட்டேன், அவரு சொன்னாரு. பேப்பர்ல இன்னொரு தடவை வருவோம்னு ஒரு பேச்சு இருந்துச்சு. பத்து நாள் போச்சு. பதினோராம் நாள் பாத்தா அந்தப் பட்டனே இல்ல. தும்பை விட்டு வாலைப் புடிச்ச கதை.

அப்புறம் கம்பெனிகிட்ட இருந்து பதில் வந்துச்சு. மரியாதையாத்தான் எழுதியிருந்தான். நாங்க தானா மாத்தல, இந்தத் தேதி, காலையில பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு, அந்தப் பெட்டி முன்னாடி இருந்த ஒருத்தர் ‘இப்பவே’ன்னு அழுத்தி, அடுத்த கட்டத்துல ‘சம்மதம்’னும் அழுத்தியிருக்காருன்னு.

நேத்து சங்கத்துல அதைப் படிச்சாங்க. பதினோரு கடைக்காரரும், போர்டுக்காரரும், லேத்துக்காரரும் இருந்தாங்க. தலைவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. ‘அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேர்தானே? யார் அழுத்தினது?’

நான் வாயைத் திறந்தேன் சார். திறந்தேன். அதுக்குள்ள அவரு பாக்கெட்டுல இருந்து பேப்பரை எடுத்து எழுதிட்டாரு. ‘நான்தான். கை தவறிடுச்சு.’ தலைவரு வாங்கி சத்தமா படிச்சாரு. போர்டுக்காரரு ‘ச்சு’ன்னாரு. ‘இத்தனை வருஷ அனுபவம் உள்ள ஆளு... உங்களை நம்பித்தானே இவ்ளோ தூரம் வந்தோம்’னாரு. லேத்துக்காரரு எழுந்தே போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுட்டு நின்னாரு. ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏத்தி விட்ட மாதிரி. பத்தொம்பது வருஷத்துல ஒரு ஸ்க்ரூ தவறினது இல்ல சார் அந்தக் கை.

நான் வாயை மூடிட்டேன். எப்பவும் மூடாதவ. அந்த ஒரு நேரம்தான் மூடியிருக்கேன்.

என்ன பாக்குறீங்க? புரிஞ்சு போச்சா? ம்.

ஒரு டீச்சரம்மா வந்தாங்க சார் அன்னிக்கு. எங்க பழைய கஸ்டமரு. வீட்டுல இருந்து பாடம் எடுக்குறாங்க, அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணுமாம், அது புது வெர்ஷன்லதான் ஓடுமாம். ‘எனக்கு மாத்திக் குடுங்க’ன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஊர் பூரா ‘அப்புறம்’னு சொல்லி வெச்சிருக்கேன், என் கடையிலயே மாத்தினா? மாத்துனா ஃபோட்டோ எல்லாம் போயிடும்மான்னேன். உள்ள இருந்து ‘பொய் சொல்லாத’. கேக்காத மாதிரி, பெட்டியே செத்துரும்மான்னேன். ‘பொய் சொல்லாத’. டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சுக்கிட்டே பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போயிட்டாங்க.

நான் உள்ள போனேன். என்னென்ன கேட்டேன்னு இப்ப ஞாபகம் இல்ல. நிறைய கேட்டேன். ஊருக்காக மாரடிக்கிறேன், கட்டின புருஷன் காலை வாருறியேன்னு... வாடா போடான்னு கூட வந்திருக்கும். அவரு திரும்பிக் கூடப் பாக்கல. ஒரு போர்டை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டே ஒத்தை விரலால அழுத்துறாரு. ‘பொய் சொல்லாத.’ நான் பேச, அவரு அழுத்த. ‘பொய் சொல்லாத.’ ஒரே குரல், ஒரே ஏத்த இறக்கம், என்னைவிட ஒரு துளி கூட சத்தம் கூடல. அதான் சார் தாங்கல. கத்தினா பதிலுக்குக் கத்தலாம். கத்தாதவனை என்ன பண்றது?

அப்ப அந்தக் கட்டம் வந்துச்சு. திரைக்கு நடுவுல. ‘இப்பவே’. ‘அப்புறம்’.

மவுஸைப் புடுங்கினேன். தெரிஞ்சேதான் சார். கை தவறல. அது திறக்காதுன்னு எனக்குத் தெரியாதா? பதினாலு மாசமா ஊருக்கெல்லாம் அதைத்தானே சொல்றேன், ‘மாத்துனா பழைய சாஃப்ட்வேர் ஓடாது’ன்னு. என் வாயால நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம். அழுத்தினேன். ‘சம்மதமா’ன்னு கேட்டான். சம்மதம்னு அழுத்தினேன். அவரு போர்டைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. திரை நீலமாச்சு. ‘உங்களுக்காகத் தயார் செய்கிறோம், சற்றுப் பொறுங்கள்’னு வந்துச்சு. ரெண்டு பேரும் நின்னு அதைப் பாத்துட்டே இருந்தோம். ஒயரைப் புடுங்கியிருக்கலாம். புடுங்கல. நாப்பது நிமிஷம்.

பத்தொம்பது நாளா நான் என்னென்ன பேசிட்டேன்! சங்கத்துல பேசினேன், பேப்பர்காரங்ககிட்ட பேசினேன், பொண்ணுகிட்ட பேசினேன், ‘தானா மாறிடுச்சும்மா’ன்னு. ஒவ்வொண்ணும் சொல்லி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் நிக்கிறேன் சார். காது தானா உள்பக்கம் போகுது. ஒண்ணும் வரல. ஸ்க்ரூ திருகுற சத்தம் மட்டும். என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஆளு இல்ல. மேஜையைத் தட்டுறாரு, நான் போறேன்.

உங்க ஃபோட்டோ போகாது. மாத்தினாலும் அப்படியேதான் இருக்கும். அதைச் சொல்லிடுறேன்.

ஆனா உங்க பெட்டி மாறவே மாறாது, அது நிஜம். அந்தச் சிப்பு இதுல இல்ல, திறந்தப்பவே பாத்தேன். மாறாத பெட்டியா, யாரும் தொடாத பழைய வெர்ஷனா ஒண்ணு கிடைச்சா அவரு சாஃப்ட்வேரை அதுல போடலாம். இருக்குற பெட்டி ஒண்ணுலயும் பழசைப் புதுசா ஏத்த விட மாட்டேங்குறான், அனுமதி முடிஞ்சு போச்சாம். கஸ்டமருங்க யார்கிட்டயாவது கேக்கலாம்தான். கேட்டா, எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. அதனால கேக்கல. உங்களை எனக்குத் தெரியாது, அதான் சொல்ல வந்துச்சு. அந்தா, அலமாரியில ரெண்டாவது, கறுப்புப் பெட்டி. நேத்து பூட்டினது. அவரு பூட்டினது. நீங்க கேட்ட புது வெர்ஷன் போட்டு, உங்க ஃபோட்டோவெல்லாம் அதுல ஏத்தித் தர்றேன். எடுத்துக்குங்க, இதை எனக்கு விட்டுட்டுப் போங்க. ஒண்ணுக்கு ஒண்ணு.

யோசிங்க. கட்டாயம் இல்ல. முடியாதுன்னாலும் முடியாதுன்னு சொல்லலாம்.

நாலு மணிக்கு மறுபடி கூட்டம் இருக்கு. புகாரை வாபஸ் வாங்கப் போறாங்க, எங்க கடையைச் சங்கத்துல இருந்து எடுக்கறதைப் பத்தியும் பேசுவாங்க. நான் போறேன். நான்தான் அழுத்தினேன், அவரு இல்லன்னு சொல்லிடுறேன். எடுத்தா எடுக்கட்டும். ஆனா ஒண்ணு, ‘வேண்டாம்’னு ஒரு பட்டன் வைக்காதது அவன் தப்புதான், அதை நான் விட மாட்டேன், அதையும் சேத்தே சொல்லுவேன். மூணு வரிதான். உங்ககிட்ட சொல்லிப் பாத்தா இவ்ளோ நேரம் ஆகுது... பதினோரு பேர் முன்னாடி...

என்ன சார், எழுந்துட்டீங்க? ஒயரைக் கழட்டிட்டீங்களா? பெட்டியையும் தூக்கிட்டீங்க. சரி. பரவால்ல. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். உங்க பெட்டி, உங்க இஷ்டம். இவ்ளோ நேரம் உக்காந்து கேட்டீங்களே, அதுவே பெருசு. கயிறு வேணும்னா தர்றேன். பாத்து, கீழ ஒயர் கிடக்கு. வாசல் அந்தப் பக்கம் சார்...

சார், அது உள்ரூம். அங்க அவருதான் இருக்காரு... சார்?

...இருங்க, இருங்க. கனமா இருக்கும். நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்.